நாளைக்கு லீவா சார்?

முப்பத்தோரு வருஷம் வானிலை நிலையங்களில் அப்சர்வராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று எச்.எம். அம்மா என்னை அறிமுகப்படுத்தி முடிக்கவில்லை. ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்துவிட்டது.

"சார், நாளைக்கு லீவா?"

ஐப்பசி மாதம். ஜன்னலுக்கு வெளியே வானம் கம்மென்று இருந்தது. லீவு விடுவது கலெக்டர், நாங்கள் மழையை மட்டும்தான் சொல்வோம் என்றேன். "அதையும் கரெக்டா சொல்லமாட்டீங்களே சார்" என்று பக்கத்திலிருந்தவன் மெதுவாகச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் வகுப்பே கேட்டுச் சிரித்தது. டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் முப்பத்தோரு வருஷம் கேட்ட வசனம்தான். பெரியவர்களிடம் சிரித்து மழுப்பிவிடலாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் அது நடக்காது.

ராக்கெட், சாட்டிலைட் என்று ஆரம்பிப்பதாகத்தான் இருந்தேன். அதை விட்டுவிட்டு எங்கள் முற்றத்திலிருந்து ஆரம்பித்தேன்.

வானிலை நிலையம் என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். முக்கியமான இடம் வெளியே இருக்கும் புல்தரை. அதில் நாலு கால்மேல் வெள்ளை அடித்த ஒரு மரப்பெட்டி நிற்கும், சுற்றிலும் ஜன்னல் சட்டம் மாதிரிச் சாய்த்த பலகைகளோடு. வெயில் உள்ளே படாது, காற்று போய்வரும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்தவர் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். கதவு வடக்குப் பார்த்து இருக்கும். ஏன் என்று கேட்டேன். "வாஸ்து சார்" என்றது ஒரு குரல். கதவைத் திறந்தால் வெயில் தெர்மாமீட்டர்மேல் விழக்கூடாது, அதற்காக.

உள்ளே நாலு தெர்மாமீட்டர். ஒன்று அப்போதைய வெப்பம் காட்டும். இரண்டு, அதிகபட்சமும் குறைந்தபட்சமும். நாலாவதின் அடிக் குமிழுக்கு மட்டும் கால்விரல் கட்டு மாதிரி ஒரு மஸ்லின் துணி, அதிலிருந்து ஒரு திரி கீழே தண்ணீர்க் குப்பியில் இறங்கியிருக்கும். காற்று வறண்டிருந்தால் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், அந்தத் தெர்மாமீட்டர் குளிர்ந்து இறங்கும். குளித்துவிட்டு ஃபேன் அடியில் நின்றால் சிலிர்க்கிறதே, அதேதான். காய்ந்த குமிழுக்கும் ஈரக் குமிழுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடுவோம்.

அந்தத் துணியால் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சித்திரை வெயில், மத்தியானம் இரண்டரை மணி ரீடிங். இரண்டு தெர்மாமீட்டரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. அப்படியானால் ஈரப்பதம் நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில், அதாவது மூடுபனி மாதிரி. வெளியே மண்டை பிளக்கும் வெயில். குப்பியில் தண்ணீர் வற்றித் திரி காய்ந்துபோயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் பக்கத்தைப் புரட்டி, அதே நேரத்து எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டேன். நம்பும்படியாகத்தான் இருந்தது. சீனியர் பதிவேட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் முற்றத்துக்குப் போனார், துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "நேத்துக் காத்தை இன்னைக்கு வித்திருக்கே. தெரியலைன்னா கோடு போடு. கதை எழுதாதே" என்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் எழுதிய எண் அந்தப் பதிவேட்டோடு நிற்பதில்லை. ஐந்தைந்து இலக்கமாகச் சங்கேதக் குறியில் கோத்து அனுப்புவோம். வட்டார மையத்துக்கு, அங்கிருந்து டெல்லிக்கு, பிறகு உலகத்துக்கு. நம் காலை எட்டரை கிரீன்விச் கணக்கில் மூன்று மணி. அதே நொடியில் உலகத்தின் பல மூலைகளில் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு கருவி இதையே அளந்துகொண்டிருக்கும். கப்பல்கள், விமானங்கள், கடலில் மிதக்கும் மிதவைகள் எல்லாமே அனுப்பும். நாளுக்கு இருமுறை சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலிருந்து வாயு நிரப்பிய பலூன் ஒன்று, டிபன் பாக்ஸைவிடக் கனம் குறைந்த கருவியைத் தூக்கிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் உயரம்வரை போகும். மேலே போகப்போகப் பெருத்து வெடிக்கும். ("கருவி தலைமேல விழுமா சார்?" பாராசூட் கட்டியிருக்கும், பயப்படாதே.)

இத்தனை எண்ணும் எதற்கு? நாளைய வானத்தைக் கணக்குப் போட. காற்றுமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பம், அழுத்தம், காற்று, ஈரம் என்று எண் கொடுத்து, அடுத்த சில நிமிஷத்தில் அவை எப்படி மாறும் என்று இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்கிட வேண்டும். பிறகு அதற்கடுத்த சில நிமிஷம். இப்படியே போக வேண்டும். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் இதைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். ஆறு மணி நேர முன்னறிவிப்புக்கு ஆறு வாரம் ஆனது. விடையும் தப்பு, காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று, நடக்கவே நடக்காத ஒரு எண் வந்தது. அதையும் மறைக்காமல் 1922-இல் புத்தகமாகப் போட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இன்று அந்த வேலையைச் சூப்பர் கம்ப்யூட்டர் செய்கிறது.

பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தார்கள். ஏழு பேரை வரிசையாக நிற்கவைத்தேன். ஆளுக்கு ஒரு எண், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள். விதி ஒன்றுதான்: உன் எண்ணோடு இடது பக்கத்தவர் எண்ணையும் வலது பக்கத்தவர் எண்ணையும் கூட்டு, கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள். இப்படி மூன்று சுற்று. கரும்பலகையில் விடையை எழுதினோம். மறுபடி அதே எண்களோடு ஆரம்பித்தோம், நடுவில் நின்ற பெண்ணின் ஐந்தை மட்டும் ஆறாக்கிவிட்டு. முதல் சுற்றில் மூன்று பேர் விடை மாறியது. அடுத்ததில் ஐந்து பேர். மூன்றாவதில் ஏழு பேருக்குமே வேறு விடை.

"ஒரே ஒரு நம்பர்தானே சார் மாத்தினோம்?"

காற்று இப்படிக் கூட்டல் போடுவதில்லை. ஆனால் தொடக்கத்துத் தப்பு பரவுகிற விதம் இதுதான். 1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கம்ப்யூட்டரில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று கொடுத்துவிட்டார். கொஞ்ச தூரம் பழைய கணக்கோடு ஒத்துப்போன வானிலை, பிறகு சம்பந்தமே இல்லாமல் திரும்பிவிட்டது. அதனால்தான் இப்போது ஒரே கணக்கை, தொடக்க எண்களைத் துளித்துளி மாற்றிப் பலமுறை ஓட்டுகிறார்கள். எல்லா விடையும் ஒரே பக்கம் போனால் தைரியமாகச் சொல்லலாம். சிதறினால் வார்த்தையை எண்ணித்தான் பேசவேண்டும்.

அங்கேதான் "ஓரிரு இடங்களில்" வருகிறது. ஊரே கேலி பேசும் இந்தச் சொல் மழுப்பல் இல்லை, கணக்கு. மாவட்டத்தில் இருபது மழைமானி இருந்தால் ஐந்துவரை நனையும், அதாவது கால்வாசிக்குள். "ஒரு சில" என்றால் பாதிவரை, "அநேக" என்றால் முக்கால்வரை, "பெரும்பாலான" என்றால் அதற்கும் மேல். "கனமழை" என்பதும் அப்படித்தான், ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொடவேண்டும். அந்த ஐந்தில் உன் தெரு உண்டா என்று கணக்கு சொல்லாது. நம் நாட்டுக் கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு கட்டம் நெடுநாள் 12 கிலோமீட்டர் அகலம், 2025-இல்தான் 6 கிலோமீட்டருக்கு வந்தது. ஒற்றை இடிமேகம் அதற்குள் அடங்கிவிடும்.

"அப்ப பாண்டிச்சேரி சார்?" என்றாள் முன்பெஞ்சுப் பெண். ஃபெஞ்சல் புயல் சமயத்தில் அவள் அத்தை வீட்டில் தண்ணீர் புகுந்ததாம். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த புயல், போகவேண்டியது போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை எட்டரைக்கு அளந்தபோது 48 சென்டிமீட்டர் மழை. புயல் எங்கே வரும் என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் பல சமயம் காலை வாருகிறது. அவளுக்கு இது ஆறுதலாக இருந்திருக்காது. எனக்கே இல்லை.

கிளம்புமுன் மழைமானி ஒன்று செய்துகொடுத்தேன். நேராக இருக்கும் பாட்டில், கழுத்தை வெட்டிக் கவிழ்த்தால் புனல். அடிப்பக்கத்து மேடுபள்ளத்தைச் சிமெண்டால் மட்டப்படுத்தி, அங்கிருந்து ஸ்கேல் ஒட்டினோம். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 93 லிட்டர், ஆறு குடம் வரும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். பள்ளி மொட்டைமாடியில் வைத்து, தினம் காலை எட்டரைக்கு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நடுக்குழியைப் பார்த்துப் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது நோட்டைக் காட்டினார்கள். 4, 0, 17, 0. ஓரிடத்தில் "22, ஆனால் ஆறாம் வகுப்புப் பையன்கள் தண்ணி ஊத்திட்டாங்க" என்று எழுதி அடித்திருந்தது. இடையில் ஒரு புதன்கிழமைக்கு எண் இல்லை, கோடு. அடுத்த நாள் 71, பக்கத்தில் "2 நாள்".

"அன்னைக்கு மழைக்கு லீவு விட்டுட்டாங்க சார்" என்றான், முதல் நாள் லீவு கேட்ட அதே பையன். குரலில் நிஜமாகவே எரிச்சல். "கேட்டைப் பூட்டிட்டாங்க. நான் வந்து பார்த்தேன். எப்படி சார் மாடி ஏறுறது?"