கேஸ் பழகும் குறிப்புகள்

8.6.2025, ஞாயிறு

கன்சல்டிங் வேலை வேண்டுமென்றால் கேஸ் இன்டர்வியூவைத் தாண்டித்தான் போகணும். ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லி, அரை மணி நேரம் வாய்விட்டு யோசிக்க விடுவார்கள். விடை என்ன என்பதைவிட எப்படிப் பிரித்துப் பார்க்கிறோம் என்பதற்குத்தான் மதிப்பு. சீனியர் அக்கா அனுப்பிய குறிப்பில் லாபத்துக்கு ஒரு சட்டகம், புதுச் சந்தைக்கு ஒன்று, விலை வைக்க ஒன்று. அத்தனையையும் உருப்போடும் எண்ணம் எனக்கில்லை. லாபம் என்றால் வரவு கழித்தல் செலவு. வரவு, விலையும் எண்ணிக்கையும் பெருக்கியது. செலவில் மாறாதது ஒன்று, உற்பத்தியோடு ஏறி இறங்குவது ஒன்று. ஆரம்பிக்க இது போதும்.

10.6.2025, செவ்வாய்

இன்றைய பயிற்சிக் கேள்வி: கோயம்புத்தூரில் வருஷத்துக்கு எத்தனை கிரைண்டர் விற்கும்? 2011 கணக்கெடுப்பில் நகரமும் சுற்றுப்புறமும் சேர்த்து 21 லட்சம் பேர். இன்று 28 லட்சம் என்று வைத்தேன். வீட்டுக்கு நாலு பேர், ஆக 7 லட்சம் வீடு. பத்துக்கு எட்டு வீட்டில் கிரைண்டர் உண்டு, பத்து வருஷம் உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 56,000.

அம்மா சிரித்தார். “நம்முளுது எங் கல்யாணத்துக்கு வாங்குனது கண்ணு. கல்லக் கொத்தி, பெல்ட் மாத்தி இன்னமும் ஓடுதுல்ல?” ஆயுளை இருபது வருஷமாக்கினால் விற்பனை பாதி, 28,000. ஜனத்தொகையில் லட்சம் முன்னப்பின்ன ஆனாலும் இந்த அளவு ஆடாது. எந்த அனுமானம் விடையைப் புரட்டும் என்று நாமே எடுத்துச் சொல்லிவிடணும். மாவு பாக்கெட் வாங்குகிற வீடுகள் தனிக் கணக்கு.

15.6.2025, ஞாயிறு

திருப்பூர். மாமாவின் தையல் யூனிட், முழுக்க ஜாப் வொர்க், அதாவது பார்ட்டி கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. “மிஷின் ஒரு நாள் நிக்கறதில்ல அம்முணி. சனிக்கிழமை சம்பளம் போட்டா கையில ஒண்ணும் மிஞ்சறதில்ல.” இதைவிட நல்ல கேஸ் எங்கே கிடைக்கும்!

“எப்ப இருந்துங்க மாமா? எல்லா ஆர்டர்லயுமா?” என்று முதலில் கேட்டேன். துணி பார்ட்டியுடையது, நூல் விலையைத் தூக்கிப் போட்டுவிடலாம். கூலி ஷிப்ட் கணக்கு, வாடகையும் பழையதுதான். அப்போ செலவில் இல்லை, வரவில் இருக்கு.

முன்பு ரவுண்ட் நெக். நாளைக்கு 1,000 பீஸ், பீஸுக்கு 18 ரூபாய், ஆக 18,000. இப்போது காலர் வைத்த டீஷர்ட். ரேட் 28 என்று மாமா சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் காலரும் பட்டன் பட்டியும் நேரத்தைத் தின்கின்றன. 550 பீஸ்தான் இறங்குகிறது. 15,400. பழைய வரவு வரணும் என்றால் பீஸுக்கு 33 ரூபாய் கேட்கணும்.

“முப்பத்தி மூணா? அவன் குடுத்துட்டாலும்!” என்றார். சரி, ஒரே ஸ்டைலை நாலு நாள் சேர்த்து ஓட்டி, கை பழகி 650 பீஸ் வந்தால் 28 ரூபாயிலேயே 18,200. அதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

19.6.2025, வியாழன்

பஸ்ஸில் வாய்க்கணக்கு. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். சத்தி ரோட்டில் நெரிசல் இருந்தால் நிறையப் பழகலாம்.

22.6.2025, ஞாயிறு

கோபிசெட்டிபாளையத்துத் தோழியோடு போனில் கேஸ் பயிற்சி. மெக்கின்சி என்ற கன்சல்டிங் கம்பெனியில் பெரும்பாலும் இன்டர்வியூ எடுப்பவரே கேள்வி கேள்வியாக நடத்துவார். பிசிஜி, பெயின் என்ற மற்ற இரண்டு கம்பெனிகளில் நாம்தான் வண்டியை ஓட்டணும். இரண்டு விதமாகவும் செய்தோம். முடிவை முதலில் சொல், காரணம் பிறகு என்று இடையிடையே அதட்டினாள். நல்ல பழக்கம், எரிச்சலாகவும் இருந்தது. புதன்கிழமை நான் கேட்கும் முறை. ஈரோட்டு மஞ்சள் வியாபாரி சரக்கை இப்போதே விற்பதா, குடோனில் வைப்பதா என்று ஒன்று தயார் செய்திருக்கிறேன். குடோன் வாடகையும் வட்டியும் அவள் கேட்டால்தான் சொல்வேன்.