49 ரூபா செங்கல்

நவம்பர் 7

தள்ளுபடில கெடக்குதேன்னு 49 ரூபாய்க்கு ஒரு செங்கல் உடைக்கிற கேம் வாங்கிப் போட்டேன். பேரு வேணாம், பேர்ல ஒண்ணும் விசேஷமில்ல. மேல கலர் கலரா கட்டி, கீழ ஒரு பேட், நடுவுல ஒரு பந்து, அவ்ளோதான். மாயூரம் (மயிலாடுதுறை) பக்கத்து குத்தாலத்துல மழை விட்டபாடில்ல, சம்பா வயல்ல தண்ணி நிக்குதுன்னு அப்பா வாய்க்கால் வெட்டிவிட போயிட்டாரு, எனக்கு வீட்லேந்து வேல, நெட்டு வந்து வந்து போவுது. இந்த கேமுக்கு நெட்டே வேணாம், அதுக்கே பாதி மார்க் போடலாம்.

ஆரம்ப லெவல் எல்லாம் அருமையா இருக்கு. ஓரமா நாலு கல்ல உடைச்சு ஒரு சந்து போட்டு, பந்து அது வழியா மேல ஏறி, கூரைக்கும் செங்கலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு படபடபடன்னு தானா உடைச்சுத் தள்ளும் பாருங்க, அந்த நேரத்துல நாம ஒரு மண்ணும் செய்யல, டீ கூட குடிக்கலாம், ஆனா பெருமை மட்டும் நமக்கு. இந்த சொகத்துக்காகத்தான் இந்த ஜாதி கேம் எல்லாம் இன்னும் ஓடுது.

நவம்பர் 9

டச்பேட்ல இத விளையாடவே கூடாது. வெரல் ஓரத்துக்குப் போயிடுது, தூக்கி திரும்ப வைக்கறதுக்குள்ள பந்து கீழ. அம்புக்குறி கீய அமுக்குனா பேட் ஆடி அசைஞ்சு வருது. மவுஸ் மாட்டுனா பரவால்ல, ஆனா வேகத்த கூட்டிக் கொறைக்க செட்டிங்ஸ்ல ஒண்ணுமே கெடையாது, சவுண்டு மட்டும்தான் இருக்கு, அதையும் மொத வேலையா ஆஃப் பண்ணியாச்சு.

1976ல அட்டாரிங்கற கம்பெனி இதே ஜாதில பிரேக்அவுட்னு ஒரு கேம் விட்டப்ப அதுல பேட்ட நகத்த பட்டன் இல்ல, திருகுற குமிழ்தான். குமிழ எவ்ளோ திருகுறோமோ பேட் அந்த எடத்துல போய் நிக்கும், கைக்கும் கண்ணுக்கும் நடுவுல எதுவும் கெடையாது. ஸ்கிரீன் கருப்பு வெள்ளதான், மேல கலர் தாள ஒட்டி செங்கலுக்கு கலர் காட்டுனாங்க. படத்துக்கு செலவு பண்ணாம குமிழுக்கு பண்ணிருக்கான். நம்ம 49 ரூபா ஆள் அப்படியே தலகீழ், ஒவ்வொரு கல் உடையறப்பயும் தீபாவளி மத்தாப்பு, அந்தப் பொறில பந்து எங்கன்னு தெரிய மாட்டேங்குது.

நவம்பர் 11

மச்சான் வந்திருந்தாரு. கேரம்ல ஊர்ல அவர அடிச்சுக்க ஆள் கெடையாது. மவுஸ புடிச்சவரு அஞ்சு நிமிஷத்துல "என்னடா இது, எங்க பட்டாலும் ஒரே மாதிரி திரும்புது"ன்னாரு. எனக்கு நாலு நாளா எரிச்சலா இருந்ததுக்குக் காரணம் இதுதான்!

நல்ல கேம்ல பேட்டோட நடுவுல பட்டா பந்து நிமிந்து போவும், ஓரத்துல பட்டா சாஞ்சு போவும். அதனாலதான் குறி பாத்து அடிக்க முடியுது. கண்ணாடில வெளிச்சம் படற மாதிரி வந்த கோணத்துலயே திரும்பறதுதான் சயின்ஸுன்னு இந்த கேம் எழுதுனவன் நெனச்சிருப்பான் போல. சயின்ஸ் சரிதான், ஆனா அப்படி வெச்சா நம்ம வேல பந்துக்கு கீழ போய் நிக்கறது மட்டும்தான்னு ஆயிடும், காவக்காரன் உத்தியோகம்.

நவம்பர் 12

மழை லீவு. அக்கா பையன் வந்து "மாமா தள்ளுங்க"ன்னுட்டான். நாள் பூரா அவன்தான்.

நவம்பர் 15

23வது லெவல். ஒரே ஒரு கல் பாக்கி, எடது மூலையில, அதுக்கு கீழ உடையாத இரும்புக் கட்டி. கோணத்த மாத்த வழியில்லங்கறதால பந்து ஒரே தடத்துல போயி போயி வருது, கல்லு பக்கத்துல போவும், தொடாது, திரும்ப வரும். ஒரு கட்டத்துல நான் பேட்ட நகத்தவே இல்ல, பந்து பாட்டுக்கு சுத்திக்கிட்டு இருக்கு, நான் போய் சாப்ட்டுட்டு வந்தேன், அப்பவும் சுத்துது. லைஃபும் போவல, லெவலும் முடியல.

1986ல டைட்டோங்கற ஜப்பான் கம்பெனி விட்ட ஆர்க்கனாய்ட்ங்கற செங்கல் கேம்லயும் உடையாத தங்கக் கல்லு உண்டு. ஆனா அதுல என்னென்னமோ மெதந்துக்கிட்டு வரும், பந்து அதுங்க மேல பட்டா தடம் மாறிடும். எதிரின்னு பேரு, செய்யறது உபகாரம். கல்லு உடையறப்ப மேலேந்து மாத்திரை மாதிரி சிலது உழுவும், ஒண்ணு பேட்ட நீட்டும், ஒண்ணு பந்த மூணாக்கும், ஒண்ணு லேசர் குடுக்கும். நம்ம கேம்லயும் மாத்திரை உழுவுது, பாதிக்கு மேல பேட்ட சுருக்கற மாத்திரைதான், நல்லதும் கெட்டதும் ஒரே கலர் வேற.

நவம்பர் 17

நேத்து மாயூரத்துல கடைமுழுக்கு, ஐப்பசி கடைசி நாள் காவேரில குளிக்கறது, துலாக்கட்டத்துல கூட்டம். இன்னிக்கு முடவன் முழுக்கு. ஐப்பசி முடியறதுக்குள்ள வந்து சேர முடியாம போன முடவனுக்காக சாமியே கார்த்திகை ஒண்ணாந்தேதி வரைக்கும் நீட்டிக் குடுத்ததா கதை. கடைசி கல்லுல மாட்டுனவனுக்கும் அப்படி ஒரு சலுகை குடுக்கலாம்ல, ரொம்ப நேரம் எதுவும் உடையலன்னா பந்த லேசா கோணம் மாத்திவிட ரெண்டு வரி புரோகிராம் போதும். ஆப்பிள் கம்பெனிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான வோஸ்னியாக் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் செஞ்சப்ப பேசிக்ங்கற புரோகிராம் மொழில பிரேக்அவுட் எழுதணும்னே கலரு, சவுண்டு, குமிழ் எல்லாம் மெஷின்லயே வெச்சாராம். இவனால ரெண்டு வரி எழுத முடியல.

நவம்பர் 20

காலைலேந்து கரண்ட் இல்ல, பேட்டரி தீர்ற வரைக்கும் ஆடி கடைசி லெவல முடிச்சுட்டேன். வாழ்த்துக்கள்னு ஒரு வரி, உடனே முதல் லெவல் திரும்ப ஆரம்பம், பந்து மட்டும் வேகம். கொஞ்சம் ஏமாத்தமாதான் இருந்துச்சு, ஆனா பழைய பிரேக்அவுட்ல ரெண்டு செவரு உடைச்சு 896 பாயின்ட் எடுத்துட்டா அப்புறம் கல்லே வராது, வெறும் ஸ்கிரீன்ல பந்து மட்டும் குதிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு இது தேவல.

பிரவுசிங் சென்டர் காலத்துல டிஎக்ஸ்-பால்ங்கற செங்கல் கேம் ஆடுனவங்களுக்கு இத சிபாரிசு பண்ண மாட்டேன். அது 1996ல வந்தது, ஓசி, ஓரத்துல பட்டா சாஞ்சு போவும். மத்தவங்க வாங்கலாம், ஆனா தள்ளுபடி இருந்தா மட்டும், மவுஸ் இருந்தா மட்டும். நானும் அழிச்சுடலாம்னுதான் இருந்தேன், அக்கா பையன் 23ல மாட்டிக்கிட்டான், முடிக்காம விடமாட்டேங்கறான்.