ஏழரை

மார்ச் 14
நியூசிலாந்து விசாவுக்குப் போட்டு 61ஆம் நாள். ஒன்றுமில்லை.

மார்ச் 15
காலை ஏழுக்குப் புட்டு அவிக்கிறேன். வெலிங்டனில் இவருக்கு மத்தியானம் இரண்டரை. ஏழரை மணித்தியால வித்தியாசம் என்று சொன்னதும் மாமி, "ஏழரையோ? அப்ப சரிதான்" என்றா.

மார்ச் 19
இன்று முழுக்க அந்தத் தமிழ் எழுத்து வெண்கல மணிதான் மண்டைக்குள். 1836 அளவில் நியூசிலாந்தின் ஃபங்கரேப் பக்கம் பூர்வகுடி மாவோரிப் பெண்கள் ஒரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்திருக்கிறார்கள். மிஷன் அச்சுக்கூடத்து வில்லியம் கொலென்சோ கிட்டப் போய்ப் பார்த்தால் அது சட்டியே இல்லை, உடைந்த வெண்கல மணியின் மேற்பாதி. சுற்றிவரத் தமிழ் எழுத்து: முகையதீன் பக்‌ஷ் என்பவருடைய கப்பல் மணி. புயலில் சாய்ந்த மரத்தின் வேருக்குள் கிடந்ததாம். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார். ஒரு சாண் உயரம்கூட வராது. எந்தக் கப்பல், எப்படி அங்கே போனது, ஒருவருக்கும் தெரியாது. இப்போது வெலிங்டனில், டெ பாபா அருங்காட்சியகத்துச் சொத்து.

முகையதீன்! மூதூர்ப் பக்கம் போய்க் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பார்த்தீங்களோ என்று இவரிடம் கேட்டேன். "வேலையப்பா."

மார்ச் 20
மணியில் அவித்த கிழங்கு ருசித்திருக்குமா?

மார்ச் 24
அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர அந்த மண்ணுக்கே உரிய தரைப் பாலூட்டி கிடையாது. மான் வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்டது. அது பெருகிக் காட்டைத் தின்ன, 1930களில் அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சுட்டது. அப்பா பேசாமல் எழும்பி வாசலுக்குப் போனார். அவருடைய மான் நின்றது, கொம்பில் யாரோ எறிந்த சொப்பிங் பை தொங்க. பையைக் கழற்றிவிட்டு வாழைப்பழத் தோலைக் கொடுத்தார்.

"பாம்பு இல்லையாம் அப்பா" என்றேன் சமாதானத்துக்கு.

"மானைச் சுடுற ஊரில பாம்பு இல்லாட்டி என்ன?"

இரவு முழுக்க இருமல்.

மார்ச் 27
நிலாவெளியில் திமிங்கிலம் பார்க்கப் படகு போகத் தொடங்கிவிட்டது. அங்கே கைகூராக் கடலில் வருஷம் முழுக்க எண்ணெய்த் திமிங்கிலம் நிற்கும் என்கிறார் இவர். நான் நீலத் திமிங்கிலத்தைப் போட்டு அடித்தேன்.

மார்ச் 30
மாவோரியில் ஃபெனுவா என்றால் நிலம். நச்சுக்கொடிக்கும் அதே சொல். பிள்ளை பிறந்தால் கொடியைத் தங்கள் பரம்பரை நிலத்தில் தாட்பார்களாம்.

என்னுடையதை எங்கே தாட்டது என்று அப்பாவைக் கேட்டேன். "தொண்ணூறாமாண்டு பிள்ளை. முகாமில. ஆர் பார்த்தது?"

ஏப்ரல் 2
80ஆம் நாள். கிவிக் குஞ்சு பொரிக்கவே கிட்டத்தட்ட இவ்வளவு நாள்தான் எடுக்கும். அதிலும் பழுப்புக் கிவியில் அடை கிடப்பது ஆண். இதை இவருக்கு எழுதினேன். சிரிப்புப் படம் ஒன்று அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதமே அனுப்பின பொலிஸ் அறிக்கையைத் திரும்பவும் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 5, ஞாயிறு
அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிவிட்டார்கள். இனி ஆறரைதான். மாமி கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தா.

ஏப்ரல் 8
அப்பா கோணேசர் மலையடி மண்ணைப் பேப்பரில் மடித்துத் தந்தார். மண் கொண்டுபோக விடமாட்டார்கள், சப்பாத்தில் ஒட்டினதையே பார்ப்பார்கள். சொல்லவில்லை. வாங்கி சாமித்தட்டில் வைத்தேன்.

ஏப்ரல் 11
மின்னஞ்சல் வந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

கிணற்றடியில் இருந்து பழைய பல்துலக்கி பிரஷ்ஷால் சப்பாத்தின் அடியைத் தேய்த்தேன். கோடு கோடாக அடைந்திருந்த மண் ஊசியால் கிண்டத்தான் வந்தது. அதோடு அம்மாவின் பேர் வெட்டின செம்பையும் புளி போட்டு மினுக்கினேன். முதல் எழுத்து தேய்ந்தே போச்சு.