மட்டாஞ்சேரி யூத வீதி: கைடு காட்டாமல் விடும் பாதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்

கொச்சியில் 'யூத பாரம்பரிய நடை' என்று விற்கப்படும் சுற்றுகளில் பெரும்பாலானவை ஒரே தெருவில் தொடங்கி, பரதேசி என்ற ஒரே ஜெப ஆலயத்தில் முடிந்துவிடுகின்றன. நடுவில் இரண்டு மசாலாக் கடை, ஒரு பழம்பொருள் கடை. ஒன்றரை மணி நேரம் என்று காசு வாங்கிவிட்டு, அதில் அரை மணிக்கு மேல் கடைகளில் நிற்க வைப்பது அநியாயம். அந்த நேரத்தில் பார்க்கக் கிடைப்பவை அவ்வளவு இருக்கின்றன! அதனால் பணம் கொடுக்கும் முன்பே கைடிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடவும்பாகம் ஜெப ஆலயத்துக்குப் போவீர்களா? யூத ஞானி நெகேமியா மோட்டாவின் கல்லறைக்குப் போவீர்களா? கடைக்குள் நுழையாமல் நடக்க முடியுமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்பவர் கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. தொகை ஆளுக்கா, குழுவுக்கா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். தகராறு வருவதே அங்கேதான்.

முதலில் நாள். இதில் தப்பினால் பயணமே வீண். பரதேசி ஜெப ஆலயத்துக்கு வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் விடுமுறை. யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. பக்கத்துச் சுவரான மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. கொச்சிக்கு வெளியே இருக்கும் பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தின் அருங்காட்சியகங்களாக இருப்பதால் அவற்றுக்குத் திங்கள் விடுமுறை. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஞாயிறு, செவ்வாய், புதன், வியாழன். தமிழ்நாட்டிலிருந்து வெள்ளி இரவு ரயிலேறி சனி காலை வந்து இறங்குகிறவர்கள்தான் அதிகம். சனியன்று கோட்டைக் கொச்சியைச் சுற்றிவிட்டு ஞாயிறன்று இதை வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் புத்தாண்டும் அதையொட்டிய பண்டிகைகளும் வரிசையாக வரும். அந்த மாதங்களில் தேதி பார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம்.

அடுத்தது ஆட்டோ. கோட்டைக் கொச்சியில் இறங்கியதும் 'யூத வீதி, அரண்மனை, எல்லாம் சுற்றிக் காட்டுகிறேன், நூறு ரூபாய் போதும்' என்று ஒருவர் வருவார். நூறு ரூபாய்க்கு இரண்டு மணி நேரம் யாருக்கும் கட்டுப்படியாகாது. மீதி, உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் எம்போரியங்களின் கமிஷனிலிருந்து வருகிறது. நீங்கள் எதையும் வாங்காவிட்டாலும் கடைக்குள் பத்து நிமிடம் இருந்தாலே அவருக்கு ஏதாவது கிடைக்கும் என்பதால் 'சும்மா பார்த்துவிட்டு வாங்க' என்று கெஞ்சுவார். நாலு கடை ஏறி இறங்குவதற்குள் ஜெப ஆலயத்தில் மதிய இடைவேளை வந்துவிடும். கோட்டைக் கொச்சியிலிருந்து யூத வீதி சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். பஜார் சாலை வழியே, பழைய கிட்டங்கிகளின் மிளகு, சுக்கு வாசனையோடு நடந்தே போகலாம். ஆட்டோதான் வேண்டுமென்றால் 'யூத வீதிக்கு மட்டும், நேராக' என்று சொல்லி ஏறுங்கள்.

எர்ணாகுளத்திலிருந்து வருகிறவர்களுக்குப் படகு. அரசுப் படகில் பத்து ரூபாய்கூட ஆகாது. வாட்டர் மெட்ரோவில் ஹைகோர்ட் முனையத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்கு 40 ரூபாய். குளிர்சாதனம், சுத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் விடுமுறை நாள் மாலையில் திரும்பும் வரிசை பொறுமையைச் சோதிக்கும். மட்டாஞ்சேரி முனையமும் 2025-ல் திறந்துவிட்டது. நேரம் பொருந்தினால் அதுவே நல்லது.

நடையைத் தெற்கிலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் வடகோடியில் மணிக்கூண்டைப் பார்த்தவுடன் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தென்கோடியில் இருப்பது கடவும்பாகம் ஜெப ஆலயம். கடவு என்றால் படகுத்துறை. துறைப்பக்கத்தார் என்று பொருள். 1544-ல் கட்டியது, பரதேசி ஜெப ஆலயத்தைவிட மூத்தது. சபை இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போனபின் கிட்டங்கியாகிப் பாழடைந்தது. 2019 செப்டம்பர் மழையில் ஒரு பகுதி இடிந்தே விழுந்துவிட்டது. உள்ளே இருந்த செதுக்கு மரவேலை 1990-களில் எருசலேம் போய், இன்று இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் முழு அறையாக நிறுத்தப்பட்டிருக்கிறது. உள்ளம் அங்கே, ஓடு இங்கே. இதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்காமல் கொச்சி யூதர் கதையைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. தெருவில் இன்னொன்றும் இருந்தது: தெக்கும்பாகம், 1647-ல் கட்டியது. அது 1960-களில் இடிக்கப்பட்டுவிட்டது. ஆக, ஒரே தெருவில் மூன்று. அவற்றில் இரண்டு மலபாரி யூதர்களுடையவை.

பல கைடுகள் இன்னும் 'கறுப்பு யூதர், வெள்ளை யூதர்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடலாம். மலபாரி யூதர்கள் இந்தக் கரையில் மூத்தவர்கள், எண்ணிக்கையிலும் மிகப் பெரும்பான்மை. பரதேசிகள் 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்த சிறு குழு. பரதேசி என்றால் இங்கே திட்டு அல்ல, பிற தேசத்தான் என்ற நேர்ப்பொருள்தான். சாலமோன் அரசன் காலத்திலேயே வந்தார்கள் என்று சில கைடுகள் தொடங்குவார்கள். அது மரபுக் கதை. கையில் பிடிக்கக்கூடிய சான்று சுமார் பொ.ஆ. 1000-ஐ ஒட்டிய செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், இருந்து யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்தது. தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அதன் எழுத்து வட்டெழுத்து, மொழி மேலைக்கரைத் தமிழ். அஞ்சுவண்ணம், பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று எழுபத்திரண்டு உரிமைகளில் சில பெயர் சொல்லி வருகின்றன. அஞ்சுவண்ணம் வணிகக் குழு, அந்தோளகம் பல்லக்கு, காளம் ஊதுகொம்பு, பாவாடை நடந்து வர விரிக்கும் துணி. உல்கும் துலாக்கூலியும் தள்ளுபடி. உல்கு என்றால் சுங்கம், துலாக்கூலி எடைக்கூலி. ஒரு வணிகக் குழுவின் தலைவருக்குச் சிற்றரசருக்கான மரியாதை! செப்பேடு பரதேசி ஜெப ஆலயத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டமாட்டார்கள். எதிர்பார்த்துப் போய் ஏமாற வேண்டாம்.

தெருவில் வடக்கே நடக்கும்போது கடைப் பொம்மைகளை விட்டுவிட்டு வீடுகளைப் பாருங்கள். ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். வாசலின் வலப்பக்க நிலைக்கால், தோள் உயரம்: அங்கே மெசூசா என்னும் வேதவரிச் சிமிழ் பதித்த தடம் சில வீடுகளில் மிச்சமிருக்கிறது. மாடி ஜன்னல்கள் தெருவைப் பார்த்தே வரிசையாக இருக்கும். யூத மூதாட்டி சாரா கோஹனின் பூவேலைக் கடையும் இதே தெருவில்தான். அவர் 2019-ல், 96 வயதில் காலமானார். தெருவில் மசாலா வாங்க வேண்டாம். அதே ஏலக்காய், மிளகு எர்ணாகுளம் பிராட்வேயில் குறைவாகக் கிடைக்கும்.

வடகோடி முட்டுச்சந்தில் பரதேசி ஜெப ஆலயம். 1568-ல், கொச்சி அரசர் அரண்மனைக்கு ஒட்டியே கொடுத்த நிலத்தில் கட்டியது. நேரம் காலை 10 முதல் 1, மாலை 3 முதல் 5. கட்டணம் மிகக் குறைவு, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும்; கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டைக்கு அனுமதியில்லை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. அக்டோபர் முதல் மார்ச் வரை கப்பல் பயணிகள் காலை பத்துக்கே பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். சின்னக் கூடம், ஐம்பது பேர் நுழைந்தால் தரையே தெரியாது. மாலை 3 மணிக்கு முதல் ஆளாக நில்லுங்கள்.

முதலில் வெளியே மணிக்கூண்டு. 1760-ல் எசக்கியேல் ரஹாபி கட்டியது. டச்சுக் கம்பெனிக்கும் மலபார் அரசர்களுக்கும் நடுவே மிளகு வியாபாரத்தை நடத்திய பெரும்புள்ளி அவர். ஒரு முகத்தில் எபிரேய எண், ஒன்றில் ரோமன், ஒன்றில் மலையாள எண். எபிரேயத்தில் எழுத்தே எண். நம்முடைய பழைய தமிழ் எண்களைக் கண்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. முற்றத்துச் சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். அது கொச்சங்காடியில் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்து மறைந்த ஜெப ஆலயத்தின் கல். நுழைவறையில் கொச்சி யூதர் வரலாற்றைச் சொல்லும் ஓவியங்கள் உண்டு. 1968-ல் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலையும் வெளியானது.

உள்ளே தரை முழுக்க நீலமும் வெள்ளையுமாகச் சீனப் பீங்கான் ஓடுகள். கான்டனிலிருந்து ரஹாபி வரவழைத்து 1762-ல் பதித்தவை. அரசர் தமக்கு வாங்கிய ஓடுகளில் மாட்டு ரத்தம் கலந்திருப்பதாகச் சொல்லி யூதர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்றொரு கதையைக் கைடு சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், வரலாறு என்று நம்பிவிட வேண்டாம். கையால் தீட்டியதால் தூரிகை ஓட்டம் ஓட்டுக்கு ஓடு மாறும். குனிந்து ஒரே மரத்தை நாலு ஓட்டில் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். நடுவே பித்தளைக் கம்பியழி வளைந்து நிற்கும் வாசிப்பு மேடை, மேலே பெல்ஜியம் கண்ணாடிச் சரவிளக்குகள். எருசலேம் இங்கிருந்து மேற்கே என்பதால் யூத வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழை மேற்குச் சுவரில். கொஞ்சம் தலையைத் தூக்குங்கள்: மாடத்தில் இரண்டாவது வாசிப்பு மேடை இருக்கிறது, பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால். இப்படி இரண்டு மேடை வைப்பது கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு. தரை ஓடுகளைக் காட்டும் கைடுகளில் பலர் இதைக் காட்டுவதில்லை.

காட்டாத இன்னொன்று கனமானது. இந்தக் கூடத்தில் எல்லா யூதரும் சமமாக உட்காரவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இருக்கை கிடையாது, கடைசியில் தரைதான். பரதேசிகளின் இடுகாட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. அந்த வழியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்துத் திரும்பி, சொந்த ஜெப ஆலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர் வந்தது அதனால்தான். மெல்ல மெல்ல, பல பத்தாண்டுகளில் அந்த விலக்கு தளர்ந்தது. நீலத் தரையைப் புகழும் ஒவ்வொருவரும் அதன்மேல் யார் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைடு சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

வெளியே வந்து இடுகாட்டைக் கேளுங்கள்; கேட் பெரும்பாலும் பூட்டியிருக்கும், கம்பி வழியாகப் பார்க்கலாம். சிறிது தூரத்தில் வீடுகளுக்கு நடுவே வெள்ளையடித்த தனிக் கல்லறை ஒன்று: நெகேமியா மோட்டா, ஞானியும் கவிஞருமானவர், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலமானவர். சுற்றியிருந்த மலபாரி இடுகாடு போய்விட்டது, இது மட்டும் நிற்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, கூட்டம் இல்லை.

சாப்பாடு: மட்டாஞ்சேரியின் கயீஸ் பிரியாணிக் கடைக்கு ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தாமதித்தால் காலி. மணம் தூக்கலாக, காரம் அடங்கி, அரிசி பொலபொலவென்று வரும் மலபார் பக்குவம். கைடுக்குக் காசு கொடுத்த வயிற்றெரிச்சல் தீரும். யூதச் சமையல்தான் வேண்டுமென்றால் சுட்டுள்ளி மீன் என்று கேளுங்கள். சின்ன வெங்காயத்தை அரைத்துப் பூசி வாட்டிய மீன். கோட்டைக் கொச்சியில் பழைய கோடர் குடும்ப வீடான சிவப்புக் கட்டட ஹோட்டலில் அந்த வகைச் சமையல் உண்டு; விலை பிரியாணியைப் போல இருக்காது, மெனுவைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

எர்ணாகுளத்திலும் ஒரு கடவும்பாகம், ஒரு தெக்கும்பாகம் உண்டு. பெயர் ஒன்றே என்பதால் ஆட்டோக்காரர்கள் குழம்புவார்கள். 'மார்க்கெட் ரோடு, மீன் தொட்டிக் கடை' என்று சொல்லுங்கள். கடையில் வண்ண மீனும் செடியும் விற்கிறார்கள். அதன் வழியாகப் பின்னால் போனால்தான் ஜெப ஆலயம். பல்லாண்டு பூட்டிக் கிடந்து 2018-ல் மறுபடி தோரா சுருள் வந்த இடம். கேட்டு, அனுமதி வாங்கி உள்ளே போங்கள். செடி ஒன்று வாங்கினால் அது நியாயமான கட்டணம். எர்ணாகுளம் ஜூ ஸ்ட்ரீட்டில் இருக்கும் தெக்கும்பாகம் வெளியிலிருந்து மட்டும்.

இன்னொரு நாள் இருந்தால் ஹைகோர்ட் சந்திப்பில் வடக்கு பரவூர் பஸ் ஏறுங்கள். பரவூர் ஜெப ஆலயம் தாவீது யாக்கோபு காஸ்தியேல் முதலியார் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முதலியார் என்பது சமூகத் தலைவருக்குக் கொச்சி அரசர் கொடுத்த பட்டம். படிப்புரை என்னும் வாயில் கட்டடம், அதற்குப்பின் நீண்ட தூண்நடை, கடைசியில் தொழுகைக் கூடம். கேரளக் கோயில் நடையைப் போலவே மனம் மெல்ல அடங்கி உள்ளே போகிற அமைப்பு. கூட்டமே இல்லாமல், கட்டடக் கலையாகப் பார்த்தால் என் ஓட்டு மட்டாஞ்சேரிக்கு அல்ல, இதற்குத்தான். அங்கிருந்து சில கிலோமீட்டரில் சேந்தமங்கலம். ஜெப ஆலயத்துக்கு முன்னால் ஒரு கல் நிற்கிறது: இஸ்ரவேலின் மகள் சாரா, 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுதான். எழுத்து மங்கியிருப்பதால் நண்பகலில் ஒன்றும் தெரியாது; வெயில் சாய்வாக விழும் காலை முதல் மணி நேரத்தில் போய் நில்லுங்கள், வரி வரியாக எழுந்து வரும்.