நடை சாத்தும் நேரமும் பாப்பாவின் பகல் தூக்கமும்

சென்னையிலிருந்து திருச்செந்தூர் 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்று வயதுக்குள் பேத்திக்கு முடி இறக்கிக் காது குத்துவதாகச் செந்திலாண்டவனுக்கு நேர்ந்துகொண்டவர் அத்தை, அதாவது என் மாமியார். மாலையில் ஏறினால் காலையில் இறக்கிவிட ரயில் இருக்கிறது. ஆனால் வழியில் இத்தனை சாமிகள் இருக்க, தூங்கிக்கொண்டே அவர்களைக் கடந்து போவதாவது என்று அத்தை கேட்டார். அதனால்தான் கார்.

அத்தை எழுதிக் கொடுத்த பட்டியலில் திருவக்கரை, சிறுவாச்சூர், சமயபுரம், ஸ்ரீரங்கம், பிள்ளையார்பட்டி, அழகர்கோவில், மதுரை எல்லாம் இருந்தன. இரண்டரை வயதுக் குழந்தையோடு நெடும்பயணம் போகிறவர்கள் முதலில் கிலோமீட்டரைக் கணக்குப் போடுவார்கள். நான் கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நாலு மணி ஆகும். பாப்பா சாப்பிட்டுத் தூங்குவதும் அதே பன்னிரண்டரைக்குத்தான். எழுந்து பால் குடித்து முகம் தெளிய நாலு மணி ஆகிவிடும். ஆகவே சாமி ஓய்வெடுக்கும் நேரத்தில் வண்டி ஓடட்டும், நடை திறந்திருக்கும் நேரத்தில் நாம் நிற்போம் என்று முடிவு செய்தோம். காலையில் ஒரு கோயில், மாலையில் ஒரு கோயில், அதற்கு மேல் கிடையாது. அத்தை முகம் சுருங்கியது.

சாமியின் நேரமும் குழந்தையின் நேரமும் ஒத்துப்போவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லைதான். பள்ளியெழுச்சி பாடி எழுப்புகிறோம், நீராட்டி உடுத்துகிறோம், வேளை தவறாமல் நிவேதனம் செய்கிறோம், வெயிலில் ஓய்வு கொடுக்கிறோம், இரவு பாலை வைத்துப் பள்ளியறைக்கு அனுப்புகிறோம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நடக்காத எதுவும் கோயிலில் நடப்பதில்லை.

கிளம்பும் நாளைத் தீர்மானித்தது சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். பெரம்பலூரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் இந்தக் கோயில், விசேஷ நாட்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும் மட்டுமே திறந்திருக்கும். வார இறுதிக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம் என்று திங்கள்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். விடியுமுன் நாலு மணிக்கு, தூங்கிய குழந்தையை அப்படியே தூக்கிக் கார் சீட்டில் உட்காரவைத்து வார்ப்பட்டையை மாட்டினோம். விழுப்புரம் தாண்டித்தான் கண் விழித்தாள். நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, அவல், கஞ்சி மாவு, வெந்நீர்க் குடுவை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நாலைந்து மாற்றுத் துணி, இவற்றோடு ஒரு பழைய நூல் புடவையும் எடுத்துக்கொண்டேன். இரவில் தூளி இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. விடுதி அறைகளில் ஏது கொக்கி என்று என் கணவர் சிரித்தார். மதுரையில் நாங்கள் தங்கிய பழைய சத்திரத்து உத்தரத்தில் இரண்டு இருந்தன.

சிறுவாச்சூரில் பெண்கள் அரிசியை அங்கேயே ஊறவைத்து இடித்து மாவிளக்குப் போடுகிறார்கள். உலக்கை விழும் ஒவ்வொரு முறையும் பாப்பா ‘ம்’ கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, திரி மலையேறியதும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த வெதுவெதுப்பான மாவை ஓர் உருண்டை உருட்டி அவள் கையில் வைத்தார். காலையிலிருந்து இட்லியைத் துப்பிக்கொண்டிருந்தவள் அதைத் தின்று முடித்துவிட்டு மறுபடி கை நீட்டினாள்.

திருச்சியை நெருங்கும்போது தயிர்சாதம். துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் அவள் தூக்கத்தில் கடந்தன. சமயபுரம் திசைக்கு அத்தை காரிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதி இல்லை. போனைக் காட்டிக் குழந்தையைச் சமாளிக்கும் பெற்றோருக்கு இது சோதனை என்று நினைப்பீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் படிகளில் ஏறினாள், இறங்கினாள், முன்பின் தெரியாத ஒரு தாத்தாவின் மடியில் போய் உட்கார்ந்தாள். குமரகுருபரர் இந்த ஊரில் பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது, மீனாட்சியே சிறு பெண்ணாக வந்து திருமலை நாயக்கர் மடியில் அமர்ந்து கேட்டாள். மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டாள் என்பார்கள். அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீட்டு அம்மாள் அந்தத் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

மதியம் நன்றாகத் தூங்கியதால் இரவு ஒன்பதரைக்கும் விழித்திருந்தாள். எனக்கு இதுவரை வாய்க்காத பள்ளியறை பூஜை அதனால்தான் வாய்த்தது. சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளும்போது, “சாமி தூங்கப் போகுது” என்று அவளாகவே சொன்னாள். சத்திரத்தில் தூளியில் போட்டதும் அவளும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். கடலைப் பார்த்ததும் குழந்தைக்குச் சாமி நினைவே போய்விட்டது. எனக்கும் சற்று நேரம் அப்படித்தான் இருந்தது.

புதன் காலையில் முடி இறக்கினோம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2021 முதல் இதற்குக் கட்டணம் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்ததும் அழத் தொடங்கினாள். முடி எடுக்கும் அண்ணன் கத்தியைக் காட்டவே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, “என் தலையை நனைத்துவிடு” என்று குனிந்தார். அவள் அவர் தலையை நனைத்தாள். அவர் அவள் தலையை நனைத்தார். புது பிளேடு உச்சியிலிருந்து முன்பக்கமாக இறங்கியபோது அவள் அவருடைய சட்டைக் காலரைப் பிழிந்துகொண்டிருந்தாள். சந்தனம் பூசியதும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, முடி எங்கே என்றாள். முருகனிடம் என்றோம். ஆசாரி காது குத்தியபோது மட்டும் மண்டபம் அதிர அழுதாள். பன்னீர் இலையில் வந்த திருநீற்றை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அழுகை நின்றது.

உச்சிகால பூஜை முடிந்து, சுவாமிக்குப் படைத்த பாலையும் அன்னத்தையும் மேளதாளத்தோடு கொண்டுபோய்க் கடலில் கரைப்பார்கள். கங்கை பூஜை என்று பெயர். அன்று மட்டும் தூக்கத்தைத் தள்ளிவைத்து அதைப் பார்த்தோம். கடலுக்கு ஒரு வாய், நமக்கு ஒரு வாய் என்று கரையில் வைத்தே பருப்புசாதம் முழுவதையும் ஊட்டிவிட்டார் அத்தை.

மறுநாள் காலை திரும்பும்போது தாமிரபரணிக் கரையோடு வந்தோம். ஆழ்வார்திருநகரியில் உறங்காப்புளி, பிறந்ததிலிருந்து அழாமலும் பாலுண்ணாமலும் இருந்த நம்மாழ்வார் பதினாறு ஆண்டு அமர்ந்திருந்த மரம். அடுத்து ஸ்ரீவைகுண்டம், ஐந்து வயதுவரை பேசாதிருந்து செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரரின் ஊர். எங்கள் மொட்டை இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட வாய் மூடவில்லை. அவ்வூர்ப் பெருமாள் கள்ளபிரானைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்றே முக்கால். நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களில் முதலாவதும் ஒன்பதாவதும் ஆயிற்று, நடுவில் ஏழுதான் பாக்கி என்றார் அத்தை. நான் கடிகாரத்தைக் காட்டினேன்.