வேலூர் முதல் திருவண்ணாமலை வரை: நடந்து நிதி திரட்டிய கதை

பொங்கல் முடிந்த கையோடு நண்பர்கள் சிலர் சேர்ந்து வேலூர் கோட்டையிலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்தே போனோம். சாலை வழியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர்களின் வீடுகளில் சக்கர நாற்காலி ஏறிப்போகும் சாய்தளமும் உட்காரும் கழிப்பறையும் கட்டித்தரப் பணம் சேர்க்கத்தான் இந்த நடை. இதுபோல் இறங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களில் ஒருவனின் மாமா தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். ஆஸ்பத்திரியில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் வாசற்படி மறித்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தூக்க வேண்டும். சாய்தளம் என்றால் கொஞ்சம் சிமெண்ட் பூசினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று கொத்தனார் நூல் பிடித்துக் காட்டியபோதுதான் செலவு ஏன் அவ்வளவு என்று புரிந்தது. ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடி. தெருவில் அவ்வளவு இடம் ஏது? சுவரோரமாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது.

முதலில் பண விஷயம். நடப்பதற்கு ஒரு மாதம் முன்பே கேட்க ஆரம்பித்துவிடுங்கள். "கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று கேட்டது நன்றாக எடுபட்டது. கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று சொல்லத் தயக்கமே வராது, கடைசியில் அது 800 ரூபாய் ஆகிறது. எங்கள் யார் கணக்கிலும் பணம் வாங்கவில்லை. காட்பாடிப் பக்கம் இந்த வேலையைச் செய்யும் சிறிய அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொன்னோம். நம் கணக்கில் வாங்கினால் ஆளாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், கொடுத்தவருக்கு வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீதும் கிடைக்காது. வரிச்சலுகை கேட்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அது பயன்படும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பன் இந்தியக் குடிமகன், அவன் அனுப்புவதில் சிக்கல் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டுப் பணம் வாங்க அரசிடம் செய்யும் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. சித்தப்பாவிடம் சொன்னோம், புரிந்துகொண்டார்.

அப்புறம் நடை. விடியும் முன்பே கோட்டையிலிருந்து கிளம்பி, பாகாயம் வழியாகக் கணியம்பாடி சாலையைப் பிடித்தோம். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த விபத்தில் கால்களின் அசைவை இழந்தவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அந்த வாசலைக் கடக்கும்போது எங்களுக்குள் பேச்சு தானாகக் குறைந்தது.

நெடுஞ்சாலையில் வலப்பக்க ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடந்தோம். முதுகில் ஒளிரும் பட்டை, மாலை இருட்டிய பிறகு நடை கிடையாது என்பதில் பிடிவாதமாக இருந்தோம். கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தபோது ஒருவன் சாக்ஸைக் கழற்றினான். குதிகாலில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம். தோலை உரிக்காமல் கழுவித் துடைத்து, சுற்றிலும் பஞ்சு வைத்து, மருந்துக்கடையில் வாங்கிய காகித பிளாஸ்திரி ஒட்டினோம். மெல்லிய சாக்ஸ் உள்ளே, தடித்தது வெளியே என்று இரண்டு போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை. புது ஷூ வேண்டவே வேண்டாம், பழகிய ஷூதான் சரி.

சந்தவாசல் பக்கம் ஜவ்வாது மலை வலப்புறமாகக் கூடவே வந்தது. அங்கே டீக்கடை அம்மா, "மலைக்கா நடக்கிறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னோம். டீக்குக் காசு வாங்க மறுத்ததோடு, கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினார். "ரசீதுல எங்க அம்மா பேரைப் போடுப்பா. அதுவும் கடைசி காலத்துல படுக்கையிலதான் கிடந்துச்சு." அறக்கட்டளை கொடுத்திருந்த எண் போட்ட ரசீதுப் புத்தகம் பையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. வழியில் ரொக்கம் வரத்தான் செய்யும், ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

போளூருக்கு அப்புறம்தான் கஷ்டம். வெயில் ஏற ஏறத் தார்ச்சாலைச் சூடு உள்ளங்காலில் இறங்கியது. தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ். கரைசலும் குடித்தோம், கலசபாக்கம் தாண்டி நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தோம். அண்ணாமலை கண்ணில் பட்ட பிறகு வேகமாக நடக்கத் தோன்றும். அப்போதுதான் கால் பிசகும், மெதுவாகவே போங்கள்.

சேர்ந்த பணத்தில் முதல் சாய்தளம் மாமா வீட்டில் முடிந்துவிட்டது. கழிப்பறைக் கதவை அகலப்படுத்தும் வேலை நடக்கிறது. கொத்தனார் கூலி, சிமெண்ட் பில் எல்லாவற்றையும் படம் எடுத்து, பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். டீக்கடை அம்மாவிடம் வாட்ஸ்அப் இல்லை, அவருக்கு மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.