ஹைடைட் எராவின் அரையிடம்

2015 டிசம்பர் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்த பெரியம்மாவின் மகன், துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த வீ யூ என்ற வீடியோ விளையாட்டு இயந்திரத்தை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தினான். அதில் அவன் ஆடியது, அந்த ஆண்டு மே மாதம் நின்டெண்டோ வெளியிட்ட ஸ்பிளட்டூன். கணவாயாக உருமாறக்கூடிய சிறுவர்கள் நால்வர் எதிர் நால்வராக இறங்கி, 3 நிமிடத்துக்குள் எந்த அணி தன் நிற மையால் அதிக தரையைப் பூசுகிறது என்று போட்டியிடும் விளையாட்டு அது. எனக்கோ ஆட்டத்தைவிட அதன் பின்னால் ஒலித்த பாட்டிலேயே கவனம் போனது.

"இது ஹைடைட் எரா அக்கா. கேமுக்குள்ள இருக்கிற ஸ்கா பாண்ட்" என்றான்.

அந்தக் கணவாய் நகரத்துக்கென்றே இசைக்குழுக்களை உருவாக்கி, அவை பாடுவதற்கு எந்த நாட்டாருக்கும் புரியாத ஒரு மொழியையும் புனைந்திருக்கிறார்கள். சொல் புரியாததால் தாளத்தையே பிடித்துக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. சாய்மனைக் கதிரையில் இருந்த அப்பா, பழக்கப்படி தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். இரண்டு சுற்றுப் போனதும் கையை அந்தரத்தில் நிறுத்தி, "கிற்றார் அரை இடத்திலயெல்லோ விழுது" என்றார்.

ஸ்கா என்ற இசைவகையின் உயிரே அதுதான். ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கிற்றார் வெட்டி வெட்டி ஒலிக்க, அதன்மேல் ட்ரம்பெட், ட்ரொம்போன் போன்ற ஊதுகருவிகள் எழும். 1950களின் இறுதியில் ஜமேக்காவில், உள்ளூர் மெந்தோ இசையும் அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸும் கலந்து உருவான இந்த இசை, 1962இல் அந்த நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் கிங்ஸ்டன் முழுவதும் ஒலித்தது. 1979 அளவில் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் அது புதிதாகத் துளிர்த்தது. ஜப்பானிலும் 1985இல் தொடங்கிய டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா அதை வேரூன்றச் செய்திருந்ததால், ஜப்பானிய விளையாட்டொன்றில் ஸ்காக் குழு இடம்பெற்றதை நான் மிக இயல்பானதாகவே கருதுகிறேன்.

கொழும்புக் காதுக்கும் அது அந்நியமில்லை. கெத்தாராமை மைதானத்தில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு பப்பரே வாத்தியக்காரரைத் தெரியும்; வெயிலில் கன்னம் புடைக்க அவர்கள் ட்ரம்பெட் ஊதும்போது, ஓட்டக் கணக்கை மறந்து கூட்டமே எழுந்து ஆடும். அவர்கள் வாசிக்கும் பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளம் ஆறாக உருள்வது, ஸ்கா நான்காக நடப்பது. ஆயினும் ஊதுகருவிகள் கூட்டத்தை எழுப்பும் விதம் இரண்டிலும் ஒன்றுதான். ஓடவும் வழுக்கவும் தாவவும் வேண்டிய ஓர் ஆட்டத்துக்கு, அடியில் நிற்காமல் அடிக்கு நடுவே உந்தித் தள்ளும் இந்த இசையைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். கடைசி 1 நிமிடம் வந்ததும் எந்தப் பாட்டானாலும் அறுபட்டு, வேகமான வேறொரு மெட்டு தொடங்கிவிடும். ஹைடைட் எரா ஓர் ஆட்டத்தில் 2 நிமிடம்தான் வாசிக்கிறது. தம்பி திரும்புவதற்கு முதல்நாள் இரவு, அந்தப் பாட்டை முழுதாகப் போடும்படி கேட்டேன். கைப்பேசியை மேசையில் வைத்து அவன் போட்டான். அப்பாவின் கை இம்முறை அரையிடத்தைத் தவறவிடவில்லை.